சேணத்துக்கு அடியில் எத்தனை துணி?

நீலவேணி: என் மார்வாரிக் குதிரைக்கு முதுகில் தடிப்பு விழுந்ததிலிருந்து பருத்தித் துணி, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் ஜெல் பேட் (கூழ் அடைத்த மெத்தை) என்று மூன்று போடுகிறேன். இங்கே ஆளாளுக்கு "ஒரு மெல்லிய துணி போதும்" என்று எழுதுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. எழுபது கிலோ ஆள் ஏறி உட்காரும்போது நடுவில் மெத்தென்று ஏதாவது வேண்டாமா?

லாயத்துக்காரன்: வேண்டும் அக்கா, ஆனால் துணியின் வேலை வேர்வையை உறிஞ்சுவது, உராய்வைக் குறைப்பது, சேணத்தின் தோலில் உப்பும் அழுக்கும் ஏறாமல் காப்பது. ஆளின் பாரத்தை முதுகில் பரப்புவது சேணத்தின் உள்சட்டமும் அடியில் அடைத்த மெத்தைகளும்தான். சேணமே இறுக்கம் என்றால் மூன்று துணி போடுவது கடிக்கிற ஷூவுக்குள் தடித்த சாக்ஸை மாட்டுவது போலத்தான். சவாரி முடிந்ததும் முதுகைப் பாருங்கள், சுற்றிலும் வேர்வையில் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்துகிறது. அப்படியே விட்டால் பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும்.

நீலவேணி: காய்ந்த திட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் தம்பி. சேணம் அந்த இடத்தில் படாமலே நின்றாலும் காய்ந்துதான் இருக்கும். அப்புறம், வேலை குறைந்தால் குதிரைக்கு முதுகுச் சதை வற்றும், திரும்ப ஓட்டினால் ஏறும். ஒவ்வொரு தடவையும் புதுச் சேணம் வாங்க என்னால் முடியாது, அந்த இடைவெளியை அடைக்கத்தான் பேட்.

லாயத்துக்காரன்: சதை வற்றிச் சேணம் அகலமாகிவிட்டால் கொஞ்ச நாளைக்கு அடைக்கலாம், சரி. உங்களுக்குத் தடிப்பு எந்த இடத்தில்?

நீலவேணி: கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இரண்டு ஓரத்திலும்.

கடலூர்ச் சவாரி: அக்கா, சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் வாரை இறுக்கும் முன் துணியின் முன்பக்கத்தைச் சேணத்தின் வளைவுக்குள் விரலால் தூக்கிவிடுகிறீர்களா? மூன்று துணியும் அந்த மேட்டின் மேல் விறைப்பாக இழுபட்டு நின்றால், எவ்வளவு நல்ல கம்பளியாக இருந்தாலும் கடிக்கும். மார்வாரிக்கு அந்த மேடு எடுப்பாக வேறு இருக்கும். துணியைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுங்கள், முடி படிந்து கிடக்கும். துவைக்கும்போது சோப்பு துளியும் தங்கக் கூடாது, வேர்வை உப்பில் விறைத்த துணி உப்புத்தாள் மாதிரி தோலைத் தேய்த்துவிடும்.

நீலவேணி: பருத்தியைத் தூக்கிவிடுவேன், ஜெல் பேட் வளையாது. அதை மட்டும் எடுத்துவிட்டு நாளைக்கு ஓட்டிப் பார்க்கிறேன்.

லாயத்துக்காரன்: நாளைக்கு ஓட்டவே ஓட்டாதீர்கள். இரண்டு ஓரத்திலும் தடிப்பு என்றால் சேணத்தின் உள்சட்டம் முன்பக்கம் குறுகலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், எந்தத் துணியும் அதை அகலமாக்காது. தடிப்பு வற்றும்வரை சேணமே ஏற்றாமல் கயிற்றில் பிடித்து நடத்துங்கள், கால்நடை மருத்துவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஆறிய பிறகு துணியே இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்து, அந்த மேட்டின் இரண்டு பக்கமும் கை நுழைகிறதா என்று பாருங்கள்.