வந்த புதுசுல சொந்த பிளேன் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு (அமெரிக்கா)

கார் வாங்குறது, கிரெடிட் ஸ்கோர் ஏத்துறது, வாடகைக்கு வீடு புடிக்கிறது பத்தி எல்லாம் இங்க ஆளாளுக்கு எழுதிட்டாங்க, நான் எழுதப்போறது கொஞ்சம் வேற ரகம். வந்து ஆறு மாசம்தான் ஆன தம்பி ஒருத்தர் மெசேஜ் போட்டிருந்தார், "அண்ணா, ஒரு பழைய செஸ்னா 172 விலைக்கு வருது, பாதிக்கு லோன் போட்டா கட்டிடலாம், வாங்கிடவா?"ன்னு. செஸ்னா 172-ங்கிறது நாலு பேர் உக்கார்ற சின்ன ஒத்த இன்ஜின் பிளேன். அவருக்கு பதில் அடிக்க ஆரம்பிச்சு அது நீண்டுக்கிட்டே போனதால இங்கயே போட்டுடறேன், இன்னும் நாலு பேருக்கு இதே ஆசை இருக்கும்.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பறக்கவே வேண்டாம்னு சொல்லல, தாராளமா கத்துக்கோங்க, வாங்குறத மட்டும் தள்ளிப்போடுங்க.

முதல்ல பேப்பர் விஷயம். என்-ல ஆரம்பிக்கிற அமெரிக்க நம்பர்ல ஒரு பிளேன உங்க பேர்ல ரிஜிஸ்டர் பண்ணணும்னா நீங்க சிட்டிசனா இருக்கணும், இல்ல க்ரீன் கார்டு இருக்கணும். எச்1பி வேலை விசால இருந்தா உங்க பேர்ல முடியாது. ட்ரஸ்ட் ஒண்ணு வெச்சு அது பேர்ல வாங்குறவங்க இருக்காங்க, ஆனா முதல் பிளேனுக்கே வக்கீல், ட்ரஸ்டீ ஃபீஸுன்னு மாட்டிக்கிறது எனக்கு சரியா படல. கத்துக்கிறதுக்கும் ஒரு படி இருக்கு, சிட்டிசன் இல்லாத எல்லாரும், க்ரீன் கார்டு வெச்சிருக்கிறவங்களும் சேத்துதான், ட்ரெய்னிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிஎஸ்ஏ (போக்குவரத்து பாதுகாப்ப பாக்குற அரசு அமைப்பு) கிட்ட அனுமதி வாங்கணும். சும்மா ஒரு தடவை போய் பாக்குற டிஸ்கவரி ஃப்ளைட்டுக்கு அது தேவையில்ல. ஏற்கனவே வேற நாட்டு லைசென்ஸ் இருக்கிறவங்க அத வெச்சே இங்க ஒரு ப்ரைவேட் சர்டிஃபிகேட் எடுக்க வழி இருக்கு, ஆனா எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை அமைப்பு) அந்த நாட்டு ஆபீஸ்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டுதான் குடுக்கும், அதனால முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க.

இன்னொண்ணு, இது புதுசா வந்தவங்க எல்லாரும் கோட்ட விடுறது. வீடு மாறினா 10 நாளுக்குள்ள இமிக்ரேஷனுக்கு சொல்லணும்னு நமக்கு மனப்பாடமா தெரியும், எஃப்ஏஏ-வுக்கும் 30 நாளுக்குள்ள சொல்லணும்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. சொல்லாம விட்டா 30 நாளுக்கு அப்புறம் உங்க பைலட் சர்டிஃபிகேட்ட வெச்சு பறக்கவே கூடாது. பிளேன் உங்களோடதா இருந்தா அதோட ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் தனியா சொல்லணும். வருஷத்துக்கு ரெண்டு அபார்ட்மென்ட் மாறுற ஆளுங்க நாம, இத எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கோங்க.

சரி, பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, அப்புறம் ஏன் வேண்டாங்கிறேன்? என் கதையே சொல்றேன். க்ரீன் கார்டு வந்த மறு வருஷம் ஒரு 172 வாங்கினேன், லைகமிங் கம்பெனி இன்ஜின், லாக்புக் (பராமரிப்பு எல்லாம் எழுதி வெக்கிற நோட்டு) சுத்தமா இருந்துச்சு, ஒரு வருஷம் வாராவாரம் பறந்தேன், ஒரு குறை இல்ல. அப்புறம் ஆபீஸ்ல வேற ஸ்டேட்ல ஒரு ப்ராஜெக்ட்ல போட்டாங்க, ரெண்டு மாசம்னு சொன்னது அஞ்சு மாசம் ஆச்சு, பிளேன் வெளிய டை-டவுன்ல கயித்த கட்டினபடியே நின்னுச்சு. திரும்பி வந்து ஸ்டார்ட் பண்ணா ஒரே தட்டுல கிளம்பிடுச்சு, பரவால்லையேன்னு சந்தோஷமா இருந்தேன். அடுத்த ஆயில் சேஞ்ச்ல ஃபில்டர அறுத்து பாத்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது. உள்ள இருக்கிற அந்த மடிப்பு மடிப்பான பேப்பர வெட்டி எடுத்து வெயில்ல விரிச்சு பாத்தா மீன் செதில் மாதிரி பொடிப்பொடியா மினுமினுக்குது, காந்தத்த கிட்ட கொண்டு போனா அத்தனையும் போய் ஒட்டிக்குது. மெக்கானிக் பாத்துட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. கேம்ஷாஃப்ட் போச்சு, அதாவது இன்ஜின் வால்வுகள திறந்து விடுற தண்டு. இன்ஜின கழட்டி பிரிச்சு, கேம், அது தள்ளுற டேப்பட் எல்லாம் மாத்தி திரும்ப பூட்டுறதுக்குள்ள அந்த சீசனே முடிஞ்சுடுச்சு, செலவு என்னன்னு வீட்ல இன்னும் முழுசா சொல்லல.

காரணம் ரொம்ப சிம்பிள். லைகமிங்ல கேம்ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர சுத்துற முக்கிய தண்டான க்ராங்க்ஷாஃப்டுக்கு மேல இருக்கு, வண்டி நின்னா ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சுடும், கேம் காஞ்சு போய் நிக்கும், காத்துல இருக்கிற ஈரம் பட்டு துரு ஏறும். அடுத்து ஓட்டும்போது அந்த துரு புடிச்ச இடம் உரசி உரசி மேல் தோல் உரிஞ்சு வரும். பறந்து கெட்டத விட நின்னு கெட்ட இன்ஜின்தான் ஜாஸ்தின்னு ஹேங்கர்ல எந்த பழைய மெக்கானிக்க கேட்டாலும் சொல்வார்.

இதுல இன்னொரு தப்பு நிறைய பேர் பண்றாங்க, நானும் பண்ணிருக்கேன். பறக்க நேரம் இல்லன்னா போய் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிட்டுட்டு ஆஃப் பண்ணிட்டு வந்துடறது. அது நல்லதுன்னு நினைப்போம், உண்மையில இன்னும் கெடுதல். பெட்ரோல் எரியும்போது தண்ணியும் வரும், ஆயில் நல்லா சூடானாதான் அந்த தண்ணி ஆவியாகி வெளிய போகும், பத்து நிமிஷத்துல அந்த சூடு வராது, ஆயில்ல தண்ணி சேந்ததுதான் மிச்சம். லைகமிங் சொல்றது என்னன்னா 30 நாளைக்கு ஒரு தடவையாவது மேல எடுத்துட்டு போய், ஆயில் டெம்பரேச்சர் 165-ல இருந்து 200 ஃபாரன்ஹீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்கணும். இப்ப நீங்களே சொல்லுங்க, வேலை நிக்குமா, எந்த ஊருக்கு மாத்துவாங்க, விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்கு போனா எப்ப திரும்பி வருவோம்னே தெரியாத நிலைமைல இத உறுதியா செய்ய முடியுமா?

அடுத்தது பொறுப்பு. மெக்கானிக்கிட்ட விட்டாச்சு, அவர் பாத்துப்பார்னு இங்க சொல்ல முடியாது, பிளேன் பறக்க தகுதியா இருக்கான்னு பாக்குற முதல் பொறுப்பு ஓனருக்கும் ஓட்டுறவருக்கும்தான்னு ரூல்லயே இருக்கு. 12 மாசத்துக்கு ஒரு தடவை ஆன்யூவல் இன்ஸ்பெக்ஷன், அதையும் ஐஏ அனுமதி (இன்ஸ்பெக்ஷன் பண்ற அதிகாரம்) இருக்கிற மெக்கானிக்தான் கையெழுத்து போடணும். ட்ரான்ஸ்பாண்டருக்கு (ரேடாருக்கு பிளேன அடையாளம் காட்டுற கருவி) 24 மாசத்துக்கு ஒரு தடவை செக். ஈஎல்டி-க்கு (பிளேன் விழுந்தா இடத்த காட்ட சிக்னல் அனுப்புற கருவி) வருஷா வருஷம் செக், அதோட பேட்டரிக்கு தனி கணக்கு. இதுக்கு மேல ஏடி-ன்னு ஒண்ணு, எஃப்ஏஏ கட்டாயமா செய்யச் சொல்ற செக், ரிப்பேர். செஸ்னா சீட் ரெயில் ஏடி பத்தி கேட்டாலே இது ஏன் முக்கியம்னு புரியும், சீட் முன்னும் பின்னும் நகர்ற அந்த தண்டவாளத்துல ஓட்டை தேஞ்சு போச்சுன்னா சீட்ட லாக் பண்ற பின் அதுல சரியா உக்காராது, டேக்ஆஃப்ல மூக்க தூக்குற நேரத்துல சீட் அப்படியே பின்னாடி வழுக்கிட்டு போகும், கை தன்னால கன்ட்ரோல புடிச்சு இழுக்கும், மூக்கு இன்னும் மேல போகும். அதனாலதான் நான் ஒவ்வொரு தடவையும் சீட்ட முன்னாடி தள்ளி, இடுப்பால ஒரு ஆட்டு ஆட்டி பாத்துட்டுதான் பெல்ட்டே போடுவேன். கூட வர்றவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

இதெல்லாம் கேட்டு பயந்துடாதீங்க, சில வேலைங்கள நாமளே செய்யலாம், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதியே அதுதான். ப்ரைவேட் பைலட் சர்டிஃபிகேட் இருந்தா சொந்த பிளேன்ல ஆயில் மாத்துறது, ஸ்பார்க் ப்ளக் கழட்டி சுத்தம் பண்ணி கேப் செட் பண்றது, டயர், லைட் பல்பு, பேட்டரி மாத்துறது எல்லாம் நம்ம கையால செஞ்சு லாக்புக்ல தேதி, என்ன செஞ்சோம், கையெழுத்து, சர்டிஃபிகேட் நம்பர் எழுதிடலாம். ஃபில்டர் இருக்கிற இன்ஜினுக்கு 50 மணி நேரம், வெறும் ஸ்க்ரீன் மட்டும் இருந்தா 25 மணி நேரம், எவ்வளவு கம்மியா பறந்தாலும் 4 மாசம், எது முதல்ல வருதோ அப்ப ஆயில் மாத்திடுங்க. முதல் ரெண்டு தடவை மெக்கானிக் பக்கத்துல நின்னு பாக்கட்டும், சேஃப்டி வயர் (போல்ட் கழண்டுடாம கட்டுற கம்பி) முறுக்குறதெல்லாம் யூட்யூப் பாத்து வராது, போல்ட் லூசாகப் பாத்தா அந்த கம்பி அத இறுக்குற பக்கம் இழுக்கணும், நான் முதல் தடவை நேர் எதிரா கட்டி வெச்சிருந்தேன். இன்னொரு எச்சரிக்கை, ப்ரேக் ஆயில் கம்மியா இருக்கேன்னு கார் ப்ரேக் ஃப்ளூயிட எடுத்து ஊத்திடாதீங்க. இதுக்கு சிவப்பு கலர்ல வேற ஹைட்ராலிக் ஆயில், கார் ஆயில் பட்டா உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப்போய் எல்லாம் நாசமாயிடும்.

மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் குடுக்குற கருவி) பத்தி ஒரு வார்த்தை. சாவிய ஆஃப்ல வெச்சா இன்ஜின் செத்துடுச்சுன்னு நம்பாதீங்க, மேக்னெட்டோவ ஆஃப் பண்ற பி-லீட்னு ஒரு ஒயர் உள்ள அறுந்திருந்தா ஆஃப்ல கூட மேக்னெட்டோ உயிரோடதான் இருக்கும், ப்ரொப்பெல்லர கையால திருப்பினா சட்டுனு அடிக்கும். ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க ஃபோட்டோ எடுக்கணும்னு ப்ரொப்பெல்லர புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, விடாதீங்க.

கீழ கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருக்கார், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெட்ரோல் காசு வாங்கலாமான்னு. ப்ரைவேட் பைலட்னா பெட்ரோல், ஏர்போர்ட் கட்டணம், வாடகை இந்த மாதிரி செலவ மட்டும் பங்கு போடலாம், உங்க பங்கு மத்தவங்க பங்க விட குறையக் கூடாது. நாலு பேர் போனா கால்வாசி உங்க கைல இருந்து போகணும். போற இடத்துல உங்களுக்கும் ஏதோ வேலை இருக்கணும், அவங்கள கொண்டுபோய் விடுறதுக்குன்னே போனா அது டாக்ஸி ஆயிடும். விசால இருக்கிறவங்க இதுல விளையாடவே கூடாது.

அப்ப என்னதான் பண்றது? பக்கத்து ஏர்போர்ட்ல ஃப்ளையிங் க்ளப் இருக்கான்னு பாருங்க. பத்து பதினஞ்சு பேர் சேந்து ஒரு பிளேன வெச்சிருந்தா அது சும்மா நிக்காது, நீங்க மூணு மாசம் வரலன்னாலும் வேற யாராவது ஓட்டிட்டே இருப்பாங்க. ஆன்யூவல் நடக்கும்போது போய் நில்லுங்க, பேனல் ஸ்க்ரூ கழட்டித் தர்றேன்னு சொன்னா எந்த மெக்கானிக்கும் வேண்டாம்னு சொல்லமாட்டார், அந்த நாலு நாள்ல கத்துக்கிறத எந்த புத்தகத்துலயும் படிக்க முடியாது.

தம்பி, அந்த 172-ஓட லாக்புக்ல கடைசி மூணு ஆன்யூவல் பக்கத்த மட்டும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ஒவ்வொண்ணுலயும் டாக் டைம் (இன்ஜின் மீட்டர் காட்டுற மொத்த மணி நேரம்) எழுதிருப்பாங்க, அத கழிச்சு பாத்தா வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்திருக்குன்னு தெரிஞ்சுடும். அஞ்சு, பத்துன்னு இருந்தா பெயின்ட் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் விட்டுடுங்க.