கொல்கத்தா டிரெட்டா பஜார் காலைச் சாப்பாடு: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அப்பாவைக் கொல்கத்தாவுக்குக் கூட்டிப் போகிறேன். எண்பதுகளில் அங்கே வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இன்றும் டிரெட்டா பஜார் பேச்சுதான். லால்பஜார் பக்கத்துத் தெருவோரத்தில் சீனக் குடும்பங்கள் விற்கும் பலகாரம். அலுமினிய அடுக்கின் மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்குமாம். மீன் உருண்டை சூப்பை இரண்டு கையாலும் ஏந்தி ஊதி ஊதிக் குடித்ததைச் சொல்லும்போது அவர் கை தானாகக் குவிகிறது. அந்தக் கிண்ணத்தை மறுபடி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இப்போதும் அங்கே எத்தனை கடை போடுகிறார்கள்? ஆறு மணிக்குப் போனால் சரியாக இருக்குமா? ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் ஓடும். ஹவுராவிலிருந்து அந்நேரத்தில் டாக்சி கிடைக்குமா? அப்பா பன்றிக்கறி தொடமாட்டார், எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

அப்படியே நகோதா மசூதி எதிரே ஜக்காரியா தெருவில் நிஹாரி (மெதுவாக வேகவைத்த இறைச்சிக் குழம்பு), பிறகு 1724இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம், 1884இன் மாகன் டேவிட் யூத ஆலயம் என்று நடக்க நினைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. நடுவில் உட்கார்ந்து டீ குடிக்க நல்ல இடம் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.