மாதாமாதம் வரும் வேலைக்கு டெம்ப்ளேட் கட்டாயமா, அவரவர் விருப்பமா?

நூலேணி
எங்கள் மென்பொருள் குழுவில் 11 பேர். மாதம் ஒரு ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பு வெளியீடு. செய்ய வேண்டிய படிகளை எழுதி வைக்கும் வேலைப் பதிவுதான் டிக்கெட். போன மாதத்து டிக்கெட்டை ஜிரா என்ற வேலை நிர்வாக மென்பொருளில் க்ளோன் செய்துதான் (அப்படியே நகலெடுத்துத்தான்) இந்த மாதத்து டிக்கெட் பிறக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தால் தலைப்பு இப்படி இருந்தது: ‘க்ளோன் - க்ளோன் - க்ளோன் - மாத ரிலீஸ்’. தலைப்பு போகட்டும். ஏழாவது படியில் பேக்கப் எடுக்க வேண்டிய சர்வரின் முகவரி இருக்கிறது. அது பழைய முகவரி. அந்த சர்வரை நாங்கள் மூடவில்லை, சோதனைக்கு மாற்றிவிட்டோம். அதனால் பேக்கப் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதியிருந்தபடியே எல்லாவற்றையும் செய்து டிக் போட்டிருந்தார். அன்று இரவு ரிலீஸ் சொதப்பி, பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால் திரும்புவதற்கு எதுவும் இல்லை. விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்தோம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு இனி க்ளோன் கூடாது, கையால் எழுதுவதும் கூடாது. 9 டெம்ப்ளேட் (படிகள் எழுதிய மாதிரிப் படிவம்) தயார் செய்திருக்கிறேன். அவற்றின் வழியாக மட்டும்தான் டிக்கெட் உருவாக வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

வெயில்நதி
எனக்கு இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் புது வாடிக்கையாளர் வந்தால் ஒரு பொத்தானை அழுத்துவோம், 42 சப்-டாஸ்க் (துணை வேலை) வந்து விழும். பெரிய வாடிக்கையாளருக்கும் 42, ஒரே ஒரு பக்கம் மாற்றச் சொன்னவருக்கும் 42. முதல் மாதம் எல்லாரும் படித்தோம். நாலாவது மாதம் மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே சொடுக்கில் மூடினோம். அந்த 42-இல் நிஜமாகவே முக்கியமானவை ஐந்தாறு இருந்தன. அவையும் சேர்ந்தே மூடப்பட்டன.

உங்கள் பழைய முகவரி க்ளோனால் வந்த கோளாறு இல்லை. சர்வர் மாறிய அன்று அந்த வரியைத் திருத்துவது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது, அதுதான் கோளாறு. டெம்ப்ளேட்டில் எழுதியிருந்தாலும் அதே முகவரிதான் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, டெம்ப்ளேட்டைத் திருத்தினால் அதிலிருந்து ஏற்கெனவே உருவான டிக்கெட் தானாக மாறாது. பாதி முடிந்த வேலையெல்லாம் பழைய படியோடுதான் ஓடும்.

நூலேணி
பொறுப்பு யாருடையது என்று கேட்கவாவது திருத்த வேண்டிய இடம் ஒன்று என்று இருக்க வேண்டாமா? க்ளோனில் மூலமே கிடையாது, நகலுக்கு நகல்தான். எழுதி வைத்த பட்டியலுக்குப் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. உலக சுகாதார அமைப்பு 2008-இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியானது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது.

வெயில்நதி
அதே பட்டியலைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வையும் சேர்த்துப் படியுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள். பட்டியலைக் கடைப்பிடித்த விவரத்தை வெளியிடச் சொல்லி அரசே உத்தரவிட்ட இடம் அது. இறப்பு 0.71-லிருந்து 0.65 சதவீதம், புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வித்தியாசமே இல்லை. காகிதம் ஒன்றுதான், அதை நின்று வாய்விட்டுப் பேசிச் செய்தார்களா, வெறுமனே டிக் போட்டார்களா என்பதில்தான் விஷயம் என்று அப்போதே பலர் வாதிட்டார்கள். நான் பயப்படுவதும் அதற்குத்தான். கட்டாயம் என்றதும் கை டிக் போடும், கண் படிக்காது.

ஓரக்குறிப்பு
இருவரும் டெம்ப்ளேட் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நிற்கிறீர்கள். அதற்குள் என்ன எழுதுவது என்பதில்தான் பாதிப் பிரச்சினை.

ஆள் பெயர் எழுதாதீர்கள், பொறுப்பின் பெயரை எழுதுங்கள். தேதி எழுதாதீர்கள், ‘ரிலீஸுக்கு 3 நாள் முன்’ என்று எழுதுங்கள். அசானா என்ற வேலை நிர்வாக மென்பொருளின் ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்டில் இப்படித் தேதி வைக்க வசதியே இருக்கிறது.

அப்புறம், தானாகத் திரும்ப வரும் டாஸ்க். மாதாமாதம் 31-ஆம் தேதி என்று வைத்தால் என்ன ஆகும்? காலண்டர் மென்பொருள்கள் பின்பற்றும் ஆர்எஃப்சி 5545 விதிப்படி, 31 இல்லாத மாதத்தில் அது வரவே வராது. வருடத்தில் ஐந்து மாதம் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். ‘மாதத்தின் கடைசி நாள்’ என்றுதான் வைக்க வேண்டும். அதேபோல, போன கெடுவிலிருந்து எண்ணுவதா, முடித்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதும் முக்கியம். கணக்கு தாக்கல் செய்வது முதல் வகை: நீங்கள் தாமதித்தாலும் அடுத்த கெடு நகராது. பழைய லாக் கோப்புகளைச் சுத்தம் செய்வது இரண்டாம் வகை. டூடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியில் ‘எவ்ரி’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தால் முடித்த நாளிலிருந்து எண்ணும். இதைக் கவனிக்காமல் ஒரு சான்றிதழ் புதுப்பிப்பை நாங்கள் தவறவிட்டிருக்கிறோம்.

திருத்துவது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் 2016-இல் இஷ்யூ (அங்கே டிக்கெட்டுக்கு அந்தப் பெயர்) டெம்ப்ளேட்டைக் கொண்டுவந்தபோது அதை ரெப்பாசிட்டரிக்குள்ளேயே, அதாவது நிரல் கோப்புகளின் சேமிப்பகத்துக்குள்ளேயே, ஒரு கோப்பாக வைத்தது. அதே போன்ற தளமான கிட்லேபிலும் அப்படித்தான். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று வரலாற்றில் நிற்கும். இன்னொருவர் ரிவ்யூ செய்யாமல் திருத்தம் சேராதபடியும் வைத்துக்கொள்ளலாம்.

நூலேணி
சரி, இது உதவியாக இருக்கிறது. 42 சப்-டாஸ்க் கதையும் மனதில் தைத்தது. என்னுடைய 9 டெம்ப்ளேட்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறு, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும் வேலைக்கானவை. அவற்றை எடுத்துவிடுகிறேன். ரிலீஸ், புது ஆள் சேர்ப்பு, சர்வர் மாற்றம் மூன்றும் இருக்கும். ஏழாவது படியில் இனி முகவரியே இருக்காது, சர்வர் பட்டியல் பக்கத்துக்கு லிங்க் மட்டும். அந்தப் பக்கத்தைத் திருத்துவது சர்வர் மாற்ற டெம்ப்ளேட்டிலேயே ஒரு படி.

ஆனால் கட்டாயம் என்பதிலிருந்து நான் இறங்கமாட்டேன். எழுதியதை அப்படியே நம்பிச் செய்த அந்தத் தம்பி மறுநாள் காலை என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கவே கூடாது. தப்பான காகிதத்தைக் கையில் கொடுத்தவர்கள் நாங்கள்.

வெயில்நதி
அதில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். ஒரு படி பொருந்தவில்லை என்றால் ‘பொருந்தாது’ என்று ஒரு வரிக் காரணத்தோடு மூட வழி வையுங்கள். இல்லாவிட்டால் பொய் டிக் விழும். மற்றது, டெம்ப்ளேட் இல்லாத வெற்று டிக்கெட்டைத் திறக்கும் உரிமையை யாரிடமிருந்தும் எடுக்காதீர்கள்.

நூலேணி
முதலாவது சரி, இன்றே சேர்க்கிறேன். இரண்டாவது மற்ற வேலைகளுக்குச் சரி. ரிலீஸுக்கு மட்டும் வெற்று டிக்கெட் கிடையாது.

வெயில்நதி
எனக்கு இன்னும் சம்மதமில்லை. ரிலீஸ் டெம்ப்ளேட்டில் எத்தனை படி?

நூலேணி
இப்போதைக்கு 23.

வெயில்நதி
கடைசி மூன்று ரிலீஸ் டிக்கெட்டையும் திறந்து, எந்தெந்தப் படிகள் ஒரே நிமிடத்துக்குள் வரிசையாக மூடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அவற்றை யாரும் படிக்கவில்லை.

நூலேணி
பார்த்தேன். எட்டிலிருந்து பதினைந்துவரை.