பழைய காரில் இன்ஜின் ஆயில் கசிவு: ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா, இறக்கிச் சரிசெய்ய வேண்டுமா?

நெடுவழி:
19 வருடம் ஓடிய பெட்ரோல் கார், 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. இரண்டு மாதமாக, நிறுத்துகிற இடத்தில் காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. மெக்கானிக் அடியில் எட்டிப் பார்த்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் இருக்கிறது, பின்பக்க கிராங்க் சீல் (இன்ஜினில் சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். சீல் சின்னப் பொருள்தான், கூலிதான் பெரிது. கசிவை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

மைல்கல்:
எதையும் கழற்றாதீர்கள். என் பழைய வண்டி ஆறு வருடம் சொட்டிக்கொண்டேதான் ஓடியது. வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றினேன், அவ்வளவுதான். கசிவினால் இன்ஜின் கெடாது, ஆயில் இல்லாமல் ஓட்டினால்தான் கெடும். இந்த வயது வண்டிக்கு கியர்பாக்ஸ் இறக்கும் வேலை, வண்டியின் மதிப்பையே தின்றுவிடும். திரவத்தையும் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள், இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

திருப்புளி:
மைல்கல் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மெக்கானிக் சொன்னதையும் உடனே நம்ப வேண்டாம்.

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங்கில் கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்சில் கசிந்தாலும், அது வழிந்து வந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில்தான் சொட்டும். அடியில் மட்டும் பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் கசிவு மாதிரியே தெரியும்.

முதலில் இன்ஜினை டீகிரீசர் போட்டு நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஆல்டர்னேட்டரையும் வயர் கனெக்டர்களையும் மூடிவிட்டுக் கழுவ வேண்டும். 20, 30 கி.மீ. ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தெரியும் மிக உயரமான இடம் எதுவோ, அங்கிருந்துதான் கசிவு. அப்படியும் பிடிபடாவிட்டால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. புற ஊதா விளக்கில் பார்த்தால் கசிந்த தடம் பளிச்சென்று தெரியும். ஸ்பார்க் பிளக் குழிகளையும் திறந்து பாருங்கள். அங்கே ஆயில் நின்றால் டேப்பட் கவரைக் கழற்றியே ஆக வேண்டும்.

மைல்கல்:
கண்டுபிடிப்பது சரி. கண்டுபிடித்த பிறகும் அதே கேள்விதானே? சொட்டுவது 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர். பல வண்டிகளில் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் இருக்கிறது. ஒழுங்காகப் பார்ப்பவருக்கு இது ஒரு ஆபத்தே இல்லை.

சுடர்:
ஆபத்து இருக்கிறது, என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். நானும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் ஏற்றத்தில் பானெட் இடுக்கிலிருந்து புகை. டேப்பட் கவரில் கசிந்த ஆயில் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் சூடான குழாய்) விழுந்து தீய்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஆயில் தீப்பற்றும் நிலை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வரும். ஆனால் பாரம் இழுக்கும்போது மேனிபோல்டு அதைவிட அதிகமாகச் சூடாகும். குழந்தைகள் பின் இருக்கையில் இருந்தார்கள். அன்றோடு ஊற்றி ஓட்டும் பழக்கத்தை விட்டேன்.

இன்னொன்று: ஆயில் விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருக்காதீர்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் விழுந்ததைக் காட்டுவது. அது எரியும் நேரத்தில் பேரிங்குகளுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம், உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

மைல்கல்:
புகை வந்தால் நானும் ஓட்டச் சொல்ல மாட்டேன். எங்கே சொட்டுகிறது என்பதைப் பொறுத்தது, ஒத்துக்கொள்கிறேன். சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) பேக்கிங்கிலிருந்து தரையில் சொட்டுவது வேறு, மேனிபோல்டில் விழுவது வேறு.

திருப்புளி:
தரையில் சொட்டுவதும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடுதான். அப்புறம், டைமிங் பெல்ட் (கிராங்க் தண்டோடு சேர்த்து வால்வுகளை இயக்கும் ரப்பர் பெல்ட்) இருக்கும் வண்டி என்றால், முன்பக்க சீல் கசிந்து ஆயில் பெல்ட்டில் பட்டாலே ரப்பர் ஊறிக் கெடும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

திரவத்தைப் பற்றி: சூட்டில் பல வருடம் கிடந்து இறுகிச் சுருங்கிய ரப்பர் சீலை அது கொஞ்சம் ஊற வைத்து உப்ப வைக்கும். லேசான கசிவு குறையலாம். விரிசல் விட்ட பேக்கிங்கையோ, சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்த தண்டையோ அது ஒன்றும் செய்யாது. நல்ல நிலையில் இருக்கும் மற்ற சீல்களும் அதே ஆயிலில்தான் நனைகின்றன, அவையும் உப்பும். அதனால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது சரியல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிசிவி வால்வைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயிலை வெளியே தள்ளும். வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. மேலே தூக்கிக்கொண்டே இருந்தால் அழுத்தம் அதிகம். அதைச் சரிசெய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியும்.

நெடுவழி:
கழுவிப் பார்த்தேன். காகிதம் படபடவென்று மேலே எழும்பியது. டேப்பட் கவரின் பின்மூலையில் ஈரம், அங்கிருந்து கோடு போட்ட மாதிரி கீழே வழிந்திருக்கிறது. பேக்கிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, வளைத்தால் ஒடிகிறது. பிசிவி வால்வை எடுத்து ஆட்டினால் சத்தமே இல்லை, உள்ளே கரி ஒட்டியிருக்கிறது. இரண்டையும் மாற்றினேன். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கினேன்.

600 கி.மீ. ஓடியாகிவிட்டது. டிப் ஸ்டிக்கில் அளவு அசையவில்லை. ஆனால் கியர்பாக்ஸ் பக்கம் இன்னும் லேசான ஈரம் தெரிகிறது, சொட்டாக விழவில்லை.

சுடர்:
அது கிராங்க் சீல்தான் என்றால் கிளட்ச் தட்டில் ஆயில் பட்டு வழுக்கத் தொடங்கும். நானாக இருந்தால் இப்போதே இறக்கிவிடுவேன்.

மைல்கல்:
சொட்டாத ஈரத்துக்கு கியர்பாக்ஸை இறக்குவதா? வேண்டாம். துடைத்துவிட்டு மாதம் ஒருமுறை பாருங்கள். என்றாவது கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கத்தான் போகிறது, அன்றைக்கு அந்த சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

திருப்புளி:
இந்த ஒரு விஷயத்தில் நான் மைல்கல் பக்கம். கிளட்ச் வழுக்கினாலோ டிப் ஸ்டிக்கில் மறுபடி அளவு இறங்கினாலோ மட்டும் காத்திருக்காதீர்கள்.