பல்சர் 150 பின் டயர்: 5,900 ரூபாய் சொல்கிறார்கள், குறைக்க வழி உண்டா?

பெருந்துறைக்காரன்:
2018 பல்சர் 150, பின்னால் டிரம் பிரேக். தினமும் ஈரோடு போய் வர நாற்பது கிலோமீட்டர். பின் டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது. போன வாரம் தூறலில் பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு முழம் வழுக்கியது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "ரெண்டு டயரையும் மாத்திடுங்க, கூலியோட 5,900" என்றார்கள். முன் டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) நன்றாகத்தான் இருக்கிறது. மாசக் கடைசி வேறு. பழைய டயரில் புதுப் பட்டை ஒட்டிய ரீட்ரேட் டயர் 700-க்குக் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். வாங்கலாமா? அகலமான 120 சைஸ் போட்டால் கிரிப் கூடுமாமே?

பழைய ஸ்பேனர்:
தம்பி, ரீட்ரேட் பேச்சே வேண்டாம். லாரியில் பட்டை பிரிந்தால் தாங்க வேறு சக்கரங்கள் இருக்கின்றன. நமக்கு இருப்பதே இரண்டு.

முன் டயரின் காடிக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகும்வரை ஓட்டலாம். டூவீலருக்குச் சட்டம் கேட்பது 0.8 மில்லிமீட்டர். ஆனால் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள். 3718 என்றால் 2018-இன் 37-ஆவது வாரம் செய்தது. வண்டியோடு வந்த டயராக இருந்தால் பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மாற்றிவிடுங்கள். புது டயர் வாங்கும்போதும் அந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

உண்மையில் மிச்சம் பிடிக்கும் இடம் கூலிதான். மெயின் ஸ்டாண்ட் போட்டு, பிரேக் ராடையும் ஆக்ஸிலையும் கழற்றி, வீலை மட்டும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றும் முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஸ்பேசர் (ஆக்ஸிலில் கோர்க்கும் சின்ன வளையம்) எந்தப் பக்கம் என்று பிறகு குழம்பும். டயரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வீல் வெளியே வந்த கையோடு பிரேக் ஷூவையும் பேரிங்கையும் பார்த்துவிட்டால், அதற்கென்று இன்னொரு முறை கூலி அழ வேண்டாம். மாட்டும்போது செயின் அட்ஜஸ்டரின் கோடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

கொங்கு ரைடர்:
120 அந்த வருட ட்வின் டிஸ்க் (இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்) மாடலுக்குக் கம்பெனியே போட்டது. உங்கள் வண்டிக்கு 100/90-17. நான் ஆசைப்பட்டு அகலமாகப் போட்டு மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் டயர் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம். பழைய விலை ஸ்டிக்கரைக் காட்டினால் பேசிக் குறையுங்கள். நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெருந்துறைக்காரன்:
அண்ணா, முடித்துவிட்டேன். முன் டயரில் 1023 என்று இருந்தது. முதல் ஓனர் மாற்றியிருக்கிறார் போல, அதனால் அதைத் தொடவில்லை. பின் டயர் 2,450, வால்வு 40, மாட்டக் கூலி 150. பிரேக் ஷூ தேய்ந்திருந்தது, அது 280. மொத்தம் 2,920.

படம் எடுக்கச் சொன்னீர்கள், எடுத்தேன். ஆனால் ஸ்பேசர் உருண்டு வாசல் சாக்கடைக்குள் போகும் என்று சொல்லவில்லையே! மனைவி டார்ச் பிடிக்க, அரை மணி நேரம் குச்சி விட்டுத் துழாவினேன்.

பழைய ஸ்பேனர்:
கீழே பழைய போர்வை விரித்துக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நூறு கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள், புது ரப்பர் வழுக்கும். நாளைக்கு ஆக்ஸில் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.