முடியாத தொடரைப் பரிந்துரைக்கலாமா?

நீலவானம்:
டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முடித்துவிட்டேன். அந்த உலகத்தை விட்டு வெளியே வர மனமே இல்லை. அதே அளவுக்குப் பெரிய உலகம், பெரிய கதை உள்ள ஃபேன்டஸி தொடர் ஒன்று சொல்லுங்கள். எத்தனை பாகம் இருந்தாலும் சரி. பாதியில் நிற்கிற கதை என்றால் மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

கடலோடி:
யோசிக்காமல் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ எடுங்கள். அத்தியாயத்தின் தலைப்பில் யார் இருக்கிறாரோ, அவருக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும் தெரியும். ஜேமி லானிஸ்டரை முதல் இரண்டு பாகங்களில் மற்றவர்கள் கண்ணால்தான் பார்க்கிறோம், மனதார வெறுக்கிறோம். மூன்றாம் பாகத்தில் அவனுடைய அத்தியாயங்கள் தொடங்குகின்றன. மன்னனைக் கொன்றவன் என்று நாடே தூற்றுகிறதே, அதற்குப் பின்னால் நடந்தது என்ன என்று அவன் வாயாலேயே வருகிற இடம் ஒன்று உண்டு. அதுவரை வாசித்ததையெல்லாம் மனது தானாகவே திரும்ப எடை போட ஆரம்பித்துவிடும்.

பக்கம்புரட்டி:
அவர் கேட்டதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மொத்தம் ஏழு பாகம் என்று திட்டம். ஐந்தாவது 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. பேட்ரிக் ராத்ஃபஸ்ஸின் ‘கிங்கில்லர் கிரானிக்கிள்’ தொடரும் அப்படித்தான். முதல் பாகம் 2007, இரண்டாவது 2011, மூன்றாவதைக் காணோம். அதில் நாயகன் க்வோத் தன் கதையை மூன்று நாளில் சொல்லி முடிப்பதாக ஒப்புக்கொள்கிறான், நாளுக்கு ஒரு புத்தகம். நமக்குக் கிடைத்தது இரண்டு நாள்தான். முதல் பக்கத்தில் போட்ட முடிச்சு கடைசிப் பக்கத்தில் அவிழும் என்ற நம்பிக்கையில்தானே இவ்வளவு பக்கம் வாசிக்கிறோம்? புதிதாக வருபவரிடம் இதைக் கொடுப்பது நியாயமே இல்லை.

நான் சொல்வது ராபின் ஹாப். ‘ஃபார்சீயர்’ மூன்று பாகங்கள், 1995 முதல் 1997 வரை. ஆறு வயதுப் பையனை அவன் தாத்தா கோட்டை வாசலுக்கு இழுத்து வருகிறார். இது இளவரசனின் பிள்ளை, இனி அவரே சோறு போடட்டும் என்று காவலனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். முறைதவறிப் பிறந்த அந்தப் பையன் ஃபிட்ஸ், லாயத்தில் நாய்களோடு வளர்ந்து, அரசருக்காக ரகசியமாகக் கொலை செய்யப் பழக்கப்படுகிறான். போர்க்களம் உண்டு, டிராகன்கள் உண்டு. ஆனாலும் ஃபிட்ஸுக்கும் ஓர் ஓநாய்க்கும் இடையே வளரும் பிணைப்புதான் நெஞ்சில் நிற்கும். அந்த உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள், 2017இல் நிறைவடைந்தன.

கடலோடி:
ஹாப் அருமையான எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனால் முடிந்தபிறகுதான் வாசிப்பேன் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் எந்தத் தொடர்தான் முடியும்? ராபர்ட் ஜோர்டன் ‘தி வீல் ஆஃப் டைம்’ முடியாமலேயே 2007இல் இறந்தார். பிரான்டன் சாண்டர்சன் மீதியை எழுதி 2013இல் 14ஆம் பாகத்தோடு முடித்தார். பாகம் பாகமாக வாங்கிக் காத்திருந்த வாசகர்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா?

பக்கம்புரட்டி:
ஜோர்டன் தனக்கு நோய் என்று தெரிந்ததும் முடிவுக்கான குறிப்புகளைச் சேர்த்து வைத்தார். அவருடைய மனைவியே அவருடைய எடிட்டரும்கூட. அவர்தான் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். இப்படி எல்லாத் தொடருக்கும் அமையாது.

ஏழாம்கதவு:
‘வீல் ஆஃப் டைம்’ பேச்சு வந்ததால் சொல்கிறேன், முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதை இவரிடம் கொடுக்காதீர்கள். எட்டாம் பாகத்துக்கு அப்புறம் கதை நகர மறுக்கும். ஒன்பதாம் பாகத்தின் உச்சத்தில் ஒரு பெரிய சம்பவம். அது நடந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கே பத்தாம் பாகத்தில் ஏகப்பட்ட பக்கங்கள். ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாசன்’ பத்து பாகமும் 2011இல் முடிந்துவிட்டது, ஆனால் ஒரு விளக்கமும் இல்லாமல் நடுப் போரில் இறக்கிவிடும். இரண்டாவது தொடராக அது வேண்டாம்.

சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று பாகங்கள் (2006–2008) பாருங்கள். வானத்திலிருந்து சாம்பல் கொட்டும் உலகம். உலோகத்தை விழுங்கி, வயிற்றுக்குள் அதை எரித்துச் சக்தி பெறுகிறார்கள். எஃகு எரித்தால் எதிரிலுள்ள உலோகத்தைத் தள்ளலாம். நாயகி வின் ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு, அதைத் தள்ளித் தன்னை மேலே எறிந்துகொள்வாள். எதிராளி தன்னைவிட எடை அதிகம் என்றால் தள்ளுகிறவரே பின்னால் பறக்க வேண்டியதுதான். விதி இப்படிக் கறாராக இருப்பதால் ஒவ்வொரு சண்டையையும் நாமும் கூடவே கணக்குப் போட்டு வாசிக்கலாம்.

கடலோடி:
நல்ல பரிந்துரை. ஆனால் ‘முடிந்த தொடர்’ என்பதையே கொஞ்சம் யோசியுங்கள். அர்சுலா லெ குவின் ‘எர்த்ஸீ’யை 1972இல் மூன்றாம் பாகத்தோடு நிறுத்தினார். 1990இல் நான்காவது எழுதி, இதுதான் கடைசி என்று அட்டையிலேயே போட்டார்கள். 2001இல் மேலும் இரண்டு வந்தன. அவ்வளவு ஏன், டோல்கீன் வாழ்நாள் முழுக்க எழுதித் திருத்திய ‘சில்மரில்லியன்’ அவர் இருந்தவரை முடியவே இல்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1977இல்தான் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்டார். நீலவானம் வெளியே வர மறுக்கும் அந்த உலகமே முடியாத உலகம்தான்.

பக்கம்புரட்டி:
உலகம் முடியாமல் இருக்கட்டும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாயகன் ஃப்ரோடோவின் கதை 1955இல் மூன்றாம் பாகத்தோடு முடிந்ததா இல்லையா? மோதிரம் என்ன ஆனது என்று தெரியாமல் இவரை யாரும் தவிக்க விடவில்லையே. மார்ட்டின் தொடரில் ஜான் ஸ்னோவை ஐந்தாம் பாகம் எந்த இடத்தில் விடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

நீலவானம்:
ஹாப் தொடங்கப் போகிறேன், அடுத்து ‘மிஸ்ட்பார்ன்’. ஜேமி பற்றிச் சொன்னதிலிருந்து மார்ட்டினையும் விட மனமில்லை. கடலோடி, மூன்று பாகத்தோடு நிறுத்திக்கொண்டால் ஓரளவாவது நிறைவு கிடைக்குமா?

கடலோடி:
கிடைக்கும். முதல் பாகத்தில் மூளும் போர் மூன்றாம் பாகத்தில் பெருமளவு ஓய்ந்துவிடும், டிரியனுக்கும் ஜானுக்கும் அங்கே ஒரு கட்டம் முடிகிறது. அதைத் தாண்டினால் நான்காவதோடு நிற்க முடியாது. பெரும்பாலும் ஒரே காலத்தில் நடக்கும் கதையை ஆட்களை வைத்துப் பிரித்து நான்கு, ஐந்து என்று போட்டிருக்கிறார். டிரியனும் டெனேரிஸும் நான்காவதில் தலைகாட்டவே மாட்டார்கள்.