பார்த்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன்

ஓமலூரான்:
சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விமானக் குழுவில் ஒன்பது பேர். பால்சா மரத்தில் ரிமோட் விமானம் கட்டுகிறோம். போன ஞாயிறு, காற்று எழும்புவதற்கு முன்பே, காலை ஆறேகாலுக்கு ஊர்ப் பக்கத்துத் தரிசில் பறக்கவிட்டோம். தரையை விட்டு எழுந்ததுமே ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. ஐலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தகடு, தலைகீழாக வேலை செய்திருக்கிறது. முந்தைய இரவு அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவை மாற்றியவன் நான்.

பறக்கும் முன் விமானத்தை ஓட்டும் சீனியர் அண்ணன் ரிமோட்டின் ஸ்டிக்கை அசைத்தபோதே எனக்கு உறுத்தியது. மூன்று வருடமாக ஓட்டுகிறவருக்குத் தெரியாததா என்று பேசாமல் நின்றேன். நான்கு மாத உழைப்பு, இறக்கை மூன்று துண்டு. யாரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. குழுவின் கேப்டன் சொல்வதையெல்லாம் தவறாமல் செய்கிறேன். சொல்லாததை நானாகச் செய்ய எப்படிப் பழகுவது?

ஹேங்கர் அக்கா:
தம்பி, 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். கேப்டன் சக்கரக் கோளாறிலேயே மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. மறு ஆண்டு நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. விமானிகள் தங்களுக்குள் பேசிச் செயல்படுவதற்கான பயிற்சி அங்கிருந்துதான் வளர்ந்தது. "அண்ணா, நிறுத்துங்கள், ஐலரானை இன்னொரு முறை பார்க்கலாம்." இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. பழகாத வாக்கியம் மைதானத்தில் வராது.

பழைய கேப்டன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் பிழை மைதானத்தில் தொடங்கவில்லை, முந்தைய இரவே தொடங்கிவிட்டது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறாயோ அந்தப் பக்கத்து ஐலரான் மேலே எழ வேண்டும். சர்வோவை மாற்றிய கையோடு இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். தன்னைத் தானே வழிநடத்துவது பற்றி 1986இல் மேலாண்மை ஆய்வாளர் சார்லஸ் மான்ஸ் விரிவாக எழுதினார். தன் செயலைத் தானே கவனிப்பது அதில் முக்கியமான பகுதி. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். அன்று என் கை பட்ட பாகம், அதை நானே சோதித்த நேரம், கீழே என் கையெழுத்து. விமானத்தின் நோட்டு வேறு, இது வேறு. இரண்டு மாதத்தில் கேப்டன் கேட்பதற்கு முன்பே பதில் என்னிடம் இருந்தது.

ஓமலூரான்:
நோட்டு வாங்கிவிட்டேன் அண்ணா. நேற்று சீனியர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் அன்று சந்தேகம் வந்ததாம். மாற்றியவன் பார்த்திருப்பான் என்று விட்டுவிட்டாராம்.